பிளக் பாயிண்ட் கோளாறு: வயர் கலரை நம்பாம, அறிகுறியை வச்சு பிழை கண்டுபிடிக்கிறது எப்படி

சுவிட்ச் பெட்டியை கழட்டிட்டு உள்ள பாத்தா மூணு சிவப்பு, ரெண்டு கருப்பு, ஒரு பச்சை, நடுவுல எங்கிருந்தோ வந்து நிக்கிற ஒரு மஞ்சள், இதுல எது பேஸ் எது நியூட்ரல்னு கேக்குறவங்களுக்காக எழுதுறது இது. ஒரு கலர் பட்டியலை போட்டுட்டு போயிடலாம், ஆனா நம்ம ஊர் வீடுகள்ல அந்த பட்டியலை மட்டும் நம்பி கை வச்சா வம்புதான், அதனால பட்டியலை சுருக்கமா சொல்லிட்டு, கோளாறு வெளியில எப்படி தெரியுதோ அதை வச்சு எந்த வயர்ல தப்புன்னு பிடிக்கிற வழியை சொல்றேன்.

பட்டியல் இவ்வளவுதான்

சிங்கிள் பேஸ் (ஒரே ஒரு பேஸ் வர்ற) வீட்டுல சிவப்பு பேஸ் (கரண்ட் வர்ற வயர்), கருப்பு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போற வயர்), பச்சை இல்லன்னா பச்சையில மஞ்சள் கோடு போட்டது எர்த் (கசியுற கரண்ட் மண்ணுக்கு போற வயர்). த்ரீ பேஸ் வீட்டுல சிவப்பு, மஞ்சள், நீலம் மூணுமே பேஸ், கருப்பு நியூட்ரல். சாக்கெட்டை நேரா நின்னு பாத்தா மேல இருக்குற பெரிய ஓட்டை எர்த், வலது கைப்பக்கம் பேஸ், இடது நியூட்ரல். கழட்டி பின்பக்கத்தை திருப்பினா இடம் வலமா மாறிடும்ங்கறது நெனப்பு இருக்கட்டும், பின்னாடி எல் (பேஸ்), என் (நியூட்ரல்), ஈ (எர்த்) ன்னு எழுத்து போட்டிருப்பான், அதை பாத்து மாட்டுங்க.

இப்ப மிக்ஸி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மாதிரி பொருளோட வயரை சீவி பாருங்க, பிரவுன், நீலம், பச்சை-மஞ்சள்னு இருக்கும், அதுல பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல். கவனிச்சீங்களா, பொருளோட வயர்ல நீலம் நியூட்ரல், த்ரீ பேஸ் வீட்டு சுவத்துக்குள்ள வர்ற நீலம் சுளீர்னு அடிக்கிற பேஸ். இது தெரியாம பெட்டிக்குள்ள இருக்குற நீலத்தை நியூட்ரல்னு நெனச்சு சிவப்பு கூட சேத்து ஒரு சாக்கெட்டுல மாட்டினா அங்க 230 வோல்ட்டுக்கு பதிலா 400 வோல்ட் வந்து நிக்கும், சொருகுற பொருள் அந்த நிமிஷமே காலி.

யூடியூப்ல அமெரிக்கா வீடியோ பாத்து வேலை பண்றவங்களுக்கு தனியா ஒண்ணு: அங்க கருப்புதான் பேஸ், வெள்ளை நியூட்ரல். நம்ம கருப்புக்கு நேர் எதிர். இங்கிலாந்துலயும் முன்னாடி நம்மள மாதிரியே சிவப்பு-கருப்புதான் இருந்துச்சு, 2004-லதான் பிரவுன்-நீலத்துக்கு மாறுனாங்க, அதனால எந்த ஊர் வீடியோ, எந்த வருஷத்து வீடுன்னு பாக்காம அதை அப்படியே செய்யாதீங்க.

இந்த பட்டியலை ஏன் நம்ப முடியாதுன்னா, வீட்டு வயர் 90 மீட்டர் காயிலா வருது, வேலை முடியிற நேரத்துல கருப்பு தீந்து போயி கையில சிவப்பு மிச்சம் இருந்தா வயர்மேன் இன்னொரு காயில் வாங்கி வரச் சொல்ல மாட்டார், சிவப்பையே நியூட்ரலுக்கு இழுத்துட்டு போயிடுவார். சுவிட்ச்ல இருந்து லைட்டுக்கு போற வயர் கையில கிடைக்கிற கலர்லதான் போகும். அப்புறம் இன்வெர்ட்டர் வச்சப்போ வேற ஒருத்தர் வந்து ஒரு மஞ்சளையோ நீலத்தையோ பைப்புக்குள்ள இழுத்திருப்பார். மாடி கட்டுனப்போ மூணாவது ஆள். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்திருக்கவே மாட்டாங்க. அதனால கலரை ஒரு துப்பா மட்டும் எடுத்துக்கோங்க, உறுதி பண்ண வேண்டியது டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டரும்தான்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

மெயினை ஆஃப் பண்ணிட்டேன், அப்புறம் எப்படி ஷாக் அடிச்சுதுன்னு கேக்குற வீடுகள்ல முக்கால்வாசி இன்வெர்ட்டர் இருக்கும். மெயினை இறக்குன உடனே கரண்ட் போயிடுச்சுன்னு நெனச்சு இன்வெர்ட்டர் பேட்டரியில இருந்து 230 வோல்ட்டை அதே பெட்டிக்கு அனுப்ப ஆரம்பிச்சுடும். ஒரே பெட்டியில பவர் பாயிண்ட் நேரடி லைன்ல இருக்கும், பக்கத்துலயே லைட் ஃபேன் சுவிட்ச் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கும், பாயிண்ட் செத்துப் போச்சுன்னு கையை விட்டா பக்கத்து வயர் உயிரோட இருக்கும். அதனால மெயினை இறக்கி, இன்வெர்ட்டர் சுவிட்சையும் அணைச்சு, அதோட அவுட்புட் பிளக்கையும் கழட்டி வச்சுட்டு, அதுக்கப்புறமும் பெட்டியில இருக்குற ஒவ்வொரு வயரையும் டெஸ்டர் வச்சு பாத்துட்டுதான் தொடணும். டெஸ்டரையும் முதல்ல கரண்ட் இருக்கும்போதே ஒரு பாயிண்ட்ல வச்சு எரியுதான்னு பாத்துக்கோங்க, செத்துப்போன டெஸ்டர் எல்லா வயரும் பத்திரம்னுதான் சொல்லும்.

சாமான் அதிகம் வேண்டாம். ஒரு நியான் டெஸ்டர், ஒரு டெஸ்ட் லேம்ப், முடிஞ்சா ஒரு சாதாரண மல்டிமீட்டர். டெஸ்ட் லேம்ப்ங்கறது ஒரு ஹோல்டர், ரெண்டு வயர், ஒரு குண்டு பல்பு. பல்பு பழைய இழை பல்பா இருக்கணும், எல்இடி போடாதீங்க, எல்இடி பல்பு கசியுற கரண்ட்லயே மினுமினுன்னு எரிஞ்சு உங்களை ஏமாத்தும். இழை பல்பு இப்ப எல்லா கடையிலயும் கிடைக்காது, ஜீரோ வாட்ஸ் நைட் லேம்ப்னு விக்கிறாங்களே அது போதும் (பேருதான் ஜீரோ, உண்மையில அது 15 வாட்ஸ் பக்கம் இழுக்கும்). டெஸ்ட் லேம்ப்போட ரெண்டு வயர் முனையையும் வெறும் செம்பா விட்டுட்டு சாக்கெட்டுக்குள்ள குத்தாதீங்க, கைப்பிடி இருக்குற மீட்டர் பின் மாதிரி முனை போட்டுக்கோங்க.

டெஸ்டர் மட்டும் ஏன் போதாதுன்னா அது எரியறதுக்கு உங்க உடம்பு வழியா போற துளியூண்டு கரண்ட் போதும். வயர் முனை கருகி பட்டும் படாம தொட்டுட்டு இருந்தாலும் டெஸ்டர் ஜம்முனு எரியும், ஆனா ஃபேன் சுத்தாது. அதோட டெஸ்டருக்கு நியூட்ரல் இருக்கா இல்லையான்னே தெரியாது. நியூட்ரல் நல்லா இருந்தாலும் எரியாது, நியூட்ரலே அறுந்து போயிருந்தாலும் பல நேரம் எரியாது.

லேம்ப்ல மூணு சோதனை. பேஸ் ஓட்டைக்கும் நியூட்ரல் ஓட்டைக்கும் நடுவுல வச்சா முழுசா எரியணும், பேஸுக்கும் எர்த்துக்கும் வச்சாலும் முழுசா எரியணும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் வச்சா எரியவே கூடாது. ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்கு கசிஞ்சா தானா விழுந்து லைனை வெட்டுற சுவிட்ச்) இருக்குற வீட்டுல ரெண்டாவது சோதனை பண்ணும்போது அது டப்புனு விழும், பயப்படாதீங்க, 15 வாட்ஸ் பல்புக்கே 60 மில்லி ஆம்ப்ஸுக்கு மேல எர்த்ல போகுது, ஆர்சிசிபி விழுறது 30 மில்லி ஆம்ப்ஸுக்குள்ள, விழுந்துச்சுன்னா எர்த்தும் இருக்கு ஆர்சிசிபியும் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

இது அவசரம்: சில லைட் பளீர்னு எரியுது, சில லைட் மங்குது

ஒரு ரூம்ல ஃபேன் பேய் மாதிரி சுத்துது, பல்பு கண்ணைப் பறிக்குது, இன்னொரு ரூம்ல எல்லாம் அழுது வடியுது. த்ரீ பேஸ் வீட்டுல இப்படி நடந்தா எதையும் யோசிக்காம மெயினை இறக்குங்க, மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

நடந்தது என்னன்னா வீட்டுக்கு வர்ற பொது நியூட்ரல் எங்கயோ அறுந்துடுச்சு. நியூட்ரல் இருக்குற வரைக்கும் ஒவ்வொரு பேஸும் தனித்தனியா 230 வோல்ட் குடுக்கும். நியூட்ரல் போனதும் ரெண்டு ரூம் சாமான் எல்லாம் ஒண்ணுக்கு பின்னாடி ஒண்ணா கோத்து நிக்கும், ரெண்டு பேஸுக்கு நடுவுல இருக்குற 400 வோல்ட்டை பங்கு போட்டுக்கும், சமமாவும் பங்கு போடாது, கீசர் ஓடுற பக்கம் கொஞ்சமா எடுத்துக்கும், வெறும் டிவியும் வைஃபை பெட்டியும் இருக்குற பக்கம் மிச்சம் முழுசும் ஏறும். ஒரே தெருவுல நாலு வீட்டு டிவி, ஃப்ரிட்ஜ் ஒண்ணா எரிஞ்சு போச்சுன்னு கேள்விப்படுறது பெரும்பாலும் கம்பத்துல நியூட்ரல் போன கேஸ்தான், அப்ப சிங்கிள் பேஸ் வீடும் தப்பாது. இதுல வீட்டுக்குள்ள தேட வேண்டியது மெயின் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில (மெயினுக்கு அப்புறம் லைன் லைனா பிரியுற பெட்டி) எல்லா நியூட்ரல் வயரும் சேருற நியூட்ரல் பட்டை, அவ்வளவுதான். ஈபி மீட்டருக்கு முன்னாடி இருக்குறதும் கம்பமும் மின்வாரியம் பாத்துக்க வேண்டியது, அவங்க புகார் மையமான மின்னகத்தோட நம்பர் 94987 94987, பக்கத்து வீட்டுலயும் அப்படியே இருக்கான்னு கேட்டுட்டு சொன்னா அவங்களுக்கும் எங்க பாக்கணும்னு தெரியும். சரி பண்ணினதும் எடுத்தவுடனே எல்லாத்தையும் போடாதீங்க, ஒவ்வொரு பேஸ்லயும் மீட்டர்ல 230 பக்கம் வருதான்னு பாத்துட்டு போடுங்க.

பாயிண்ட்ல டெஸ்டர் எரியுது, ஆனா எதுவும் ஓட மாட்டேங்குது

அதிகமா கேக்குற கேள்வி இதுதான். இதுலயே ரெண்டு வகை இருக்கு.

முதல் வகை, வலது ஓட்டையில மட்டும் டெஸ்டர் எரியுது. லேம்ப்பை பேஸ்-நியூட்ரல் வைங்க, எரியல. பேஸ்-எர்த் வைங்க, எரியுதா (இல்ல ஆர்சிசிபி விழுதா)? அப்ப பேஸ் நல்லா இருக்கு, நியூட்ரல் அறுந்திருக்கு. அந்த பாயிண்ட்ல எர்த் நல்லா இருந்தும் ரெண்டுலயும் எரியலைன்னா பேஸ் பக்கம்தான் பிரச்சினை, டெஸ்டர் எரிஞ்சது அரைகுறை தொடுப்புல வந்த கரண்ட். சுவிட்ச் உள்ள கருகியிருக்கலாம், சுவிட்ச்ல இருந்து சாக்கெட்டுக்கு வர்ற துண்டு வயர் லூஸா இருக்கலாம். சுவிட்சை போட்டு, லேம்ப்போட ஒரு முனையை நியூட்ரல்ல வச்சுட்டு மறு முனையை சுவிட்சோட ரெண்டு டெர்மினல்லயும் மாத்தி மாத்தி வச்சு பாருங்க, உள்ள போற பக்கம் எரிஞ்சு வெளிய வர்ற பக்கம் எரியலைன்னா சுவிட்சை மாத்துங்க, வேலை முடிஞ்சுது.

ரெண்டாவது வகைதான் எல்லாரையும் குழப்புறது: ரெண்டு ஓட்டையிலயும் டெஸ்டர் எரியுது. ரெண்டு பேஸ் வந்துடுச்சுன்னு பதறுவாங்க, அது ரொம்ப அபூர்வம். அதே லைன்ல வேற எங்கயோ ஒரு லைட்டோ ஃபேனோ சுவிட்ச் போட்டபடி இருக்கு, பேஸ் அதுக்குள்ள புகுந்து நியூட்ரல் வயருக்கு வந்துடுச்சு, அந்தப் பக்கம் நியூட்ரல் அறுந்து கிடக்கறதால திரும்பிப் போக வழியில்லாம அந்த வயர்லயே நிக்குது. சோதிக்கிறது சுலபம். அந்த லைன்ல இருக்குற எல்லா சுவிட்சையும் அணைச்சு எல்லா பிளக்கையும் உருவிட்டு இடது ஓட்டையில டெஸ்டர் வைங்க, அணைஞ்சுட்டா நியூட்ரல் கட்தான், சந்தேகமே வேண்டாம். அப்பவும் எரிஞ்சா எங்கயோ நியூட்ரல் வயர் பேஸோட ஒட்டிக்கிட்டு இருக்குன்னு தேடணும். இதுல ஒரு ஆபத்து, கருப்பு வயர்தானே நியூட்ரல்தானேன்னு கையால பிடிச்சு முறுக்குவாங்க, அறுந்த நியூட்ரல் பேஸ் மாதிரியேதான் அடிக்கும், நடுவுல ஒரு ஃபேன் மோட்டர் இருக்கறது உங்களை காப்பாத்தாது.

அறுந்த இடத்தை எப்படி தேடுறது? ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் சாகுதுன்னா அந்த சாக்கெட் பின்னாடியோ, அதுக்கு முந்தின பெட்டியிலயோதான், ஏன்னா நியூட்ரலை ஒரு பெட்டியில இருந்து அடுத்த பெட்டிக்கு லூப் பண்ணித்தான் கொண்டு போவாங்க. ஒரு ரூமே சாகுதுன்னா அந்த ரூமுக்குள்ள நுழையுற முதல் பெட்டி. பல பெட்டியில நாலஞ்சு கருப்பு வயரை சேத்து முறுக்கி டேப் சுத்தி உள்ள திணிச்சிருப்பாங்க, அந்த முறுக்கை பிரிச்சு பாத்தா பாதி நேரம் குற்றவாளி அங்கதான் இருப்பார், டேப் இளகி பசையா வழிஞ்சு செம்பு கருத்துப் போயிருக்கும். கருத்த பாகத்தை வெட்டி எறிஞ்சுட்டு புதுசா சீவி ஸ்க்ரூ வச்ச கனெக்டர்ல போடுங்க, மறுபடியும் முறுக்கி டேப் சுத்தாதீங்க. வீடு முழுக்க சாகுது, ஈபி மீட்டர்ல லைட் எரியுதுன்னா டிஸ்ட்ரிபியூஷன் பெட்டியில நியூட்ரல் பட்டை ஸ்க்ரூவை மெயினை இறக்கிட்டு இறுக்கி பாருங்க.

முப்பது நாப்பது வருஷத்துக்கு முந்தின வீடா இருந்தா இன்னொரு இடமும் இருக்கு. பீங்கான் கட் அவுட் ரெண்டு பக்கத்துல பக்கத்துல இருக்கும், பேஸுக்கு ஒண்ணு நியூட்ரலுக்கு ஒண்ணு, ரெண்டுலயும் ஃபியூஸ் கம்பி. நியூட்ரல் பக்க ஃபியூஸ் போனா லைட் அணையும், கரண்ட் போயிடுச்சுன்னு நெனப்பீங்க, ஆனா வீட்டு வயர் எல்லாம் பேஸோட நிக்கும். நியூட்ரல்ல ஃபியூஸ் இருக்கவே கூடாது, நேரடி இணைப்பா மாத்திடச் சொல்லுங்க.

ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் தொட்டா ஷாக்

இதுல முதல்ல பிரிக்க வேண்டியது சுர்ருனு ஒரு கிச்சுகிச்சா, இல்ல கையை உதறவைக்கிற அடியான்னு.

கம்ப்யூட்டர் கேபினட், வாஷிங் மெஷின், மெட்டல் பாடி லேப்டாப் இதையெல்லாம் வெறும் காலோட நின்னு புறங்கையால தடவினா சுர்ருனு இருக்கும். உள்ள இருக்குற ஃபில்டர் கொஞ்சூண்டு கரண்டை எர்த்துக்கு அனுப்புற மாதிரிதான் செஞ்சிருக்காங்க, பொருள்ல கோளாறு இல்ல, ஆனா உங்க பாயிண்ட்ல எர்த் இல்ல, அதனால போக வழியில்லாம பாடியில நிக்குது. மீட்டர் வச்சா நூறு வோல்ட் பக்கம் காட்டும், ஆனா அதுக்கு வலு கிடையாது, லேம்ப் வச்சா எரியாது. லேப்டாப் சார்ஜர் ரெண்டு பின் உள்ளதுன்னா எர்த்தே கிடையாது, அது அப்படித்தான்.

பாடியில லேம்ப் வச்சு வேற ஒரு நல்ல எர்த்துக்கு குடுத்தா எரியுதுன்னா அது வேற கதை, பேஸ் வயரோ ஹீட்டர் காயிலோ பாடியில தொடுது. கீசர், தண்ணி சூடாக்குற ராடு, பழைய அயர்ன் பாக்ஸ் எல்லாம் இப்படி கொல்றதுக்கு பேர் போனது. பிளக்கை பிடுங்குங்க, அந்தப் பொருளை சரி பண்ற வரைக்கும் எந்த பாயிண்ட்லயும் சொருகாதீங்க.

ரெண்டு கேஸ்லயும் அந்த பாயிண்ட்டோட எர்த்தை பாத்தே ஆகணும், ஏன்னா எர்த் உயிரோட இருந்திருந்தா முதல் கேஸ்ல சுர்ருனு வந்திருக்காது, ரெண்டாவது கேஸ்ல ஆர்சிசிபியோ எம்சிபியோ (லோடு அதிகமானாலோ ஷார்ட் ஆனாலோ லைனை வெட்டுற சுவிட்ச்) விழுந்திருக்கும். பேஸ்-எர்த் லேம்ப் சோதனை பண்ணுங்க. எரியவே இல்லைன்னா சாக்கெட்டை கழட்டி பாருங்க, சில வீடுகள்ல மேல் ஓட்டை டெர்மினல்ல வயரே இருக்காது, பச்சை வயர் பெட்டி வரைக்கும் வந்து மூலையில சுருட்டி வச்சிருக்கும். வயர் இருந்தும் லேம்ப் மங்கலா எரிஞ்சா எர்த் குழி காஞ்சு கிடக்கு. சித்திரை வைகாசி வெயில்ல இது சகஜம், கரியும் உப்பும் போட்டு குழாய் இறக்கின குழின்னா அதுல ரெண்டு குடம் தண்ணி ஊத்திட்டு மறுநாள் சோதிச்சு பாருங்க, குழாய்ல பச்சை வயர் மாட்டியிருக்குற போல்ட் துருப்பிடிச்சு அறுந்திருக்கான்னும் பாருங்க, அதுதான் பாதி நேரம் காரணம்.

இப்ப ஒரு குறுக்கு வழி பண்ணுவாங்க, அதை கண்டாலே எனக்கு கோவம் வரும். எர்த் இல்லையா, சாக்கெட்டுக்குள்ளயே நியூட்ரல்ல இருந்து எர்த் டெர்மினலுக்கு ஒரு துண்டு வயரை போட்டு விட்டுடுவாங்க. சுர்ருனு வர்றது உடனே நின்னுடும், வீட்டுக்காரரும் சந்தோஷமா காசு குடுத்து அனுப்புவார். என்னைக்காவது அந்த லைன்ல நியூட்ரல் அறுந்தா, மேல சொன்ன மாதிரி பேஸ் ஓடுற பொருள் வழியா நியூட்ரலுக்கு வந்து, இந்த துண்டு வயர் வழியா ஃப்ரிட்ஜ் பாடி முழுக்க ஏறி நிக்கும், ஃப்ரிட்ஜ்ல எந்த கோளாறும் இல்லாமலேயே. சாக்கெட்டை கழட்டும்போது அந்த துண்டு வயர் கண்ணுல பட்டா முதல் வேலையா எடுத்து வீசுங்க. மூணு லைட் வச்ச பிளக் மாதிரி சாக்கெட் டெஸ்டர் விக்கிறாங்களே, அது இந்த துண்டு வயர் போட்ட பாயிண்ட்டை எல்லாம் சரியா இருக்குன்னுதான் காட்டும், கழட்டி கண்ணால பாத்தாதான் தெரியும்.

சாக்கெட் சூடாகுது, பிளக் பின் கருகுது, ஒரு மாதிரி மீன் வாடை வருது

அந்த வாடை பிளாஸ்டிக் வேகுற வாடை. வயர் கலருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, வயரோட பருமனுக்கும் ஸ்க்ரூவுக்கும்தான் சம்பந்தம். சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், அதாவது 1300 வாட்ஸ் சொச்சம் தாங்கும். 2000 வாட்ஸ் இண்டக்ஷன் ஸ்டவ் இழுக்கறது 8.7 ஆம்பியர், 3000 வாட்ஸ் கீசர் 13 ஆம்பியர். பெரிய பின்னை சின்ன பாயிண்ட்ல சொருகறதுக்கு ஒரு கன்வெர்ட்டர் பிளக் விக்கிறாங்க, அதை வாங்கி இண்டக்ஷன் ஸ்டவ்வை ஓட்டினா சாக்கெட் உருகாம என்ன பண்ணும். சாக்கெட்டை மட்டும் 16 ஆம்பியருக்கு மாத்திட்டா முடிஞ்சுதுன்னு நெனக்காதீங்க, பின்னாடி வர்ற வயர் 1 ஸ்கொயர் எம்எம் ஆவோ 1.5 ஆவோ இருந்தா சூடு சாக்கெட்ல இருந்து சுவத்துக்குள்ள போயிடும், அது இன்னும் மோசம். பவர் பாயிண்ட்டுக்கு 2.5 ஸ்கொயர் எம்எம், ஏசிக்கும் கீசருக்கும் 4 ஸ்கொயர் எம்எம் தனி லைனா எம்சிபியில இருந்தே வரணும்.

லோடு சரியா இருந்தும் சூடாகுதுன்னா ஸ்க்ரூ லூஸ். கருகின வயர் முனையை வெட்டிட்டு, செம்பு பளபளன்னு வர்ற இடம் வரைக்கும் சீவி, மடிச்சு, புது சாக்கெட்ல இறுக்குங்க. கருகின சாக்கெட்டை உப்புத்தாள் போட்டு தேய்ச்சு திரும்ப மாட்டாதீங்க, உள்ள பின்னை பிடிக்கிற பித்தளை ஒரு தடவை சூடேறி தளர்ந்துட்டா அதுக்கப்புறம் அது பிடிக்காது.

எம்சிபி விழுது, ஆர்சிசிபி விழுது

ரெண்டும் ஒண்ணு இல்ல. டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கறது ஆர்சிசிபி. எம்சிபி போட்ட உடனே விழுந்தா ஷார்ட், பத்து இருபது நிமிஷம் ஓடி விழுந்தா லோடு அதிகம், இல்ல எம்சிபிக்கே வயசாயிடுச்சு. விழுதேன்னு 16 ஆம்பியரை எடுத்துட்டு 32 ஆம்பியர் போடுறது ஷார்ட்டை விட ஆபத்து, எம்சிபி இருக்கறது வயரை காப்பாத்த.

ஆர்சிசிபி விழுறது கரண்ட் எங்கயோ எர்த்துக்கு கசியறதால. எல்லா பிளக்கையும் உருவிட்டு ஆர்சிசிபியை போடுங்க, நின்னுச்சுன்னா ஒவ்வொண்ணா சொருகுங்க, எதை சொருகும்போது விழுதோ அதுதான், பெரும்பாலும் கீசர், மோட்டர், பழைய கிரைண்டர். சுவிட்சை அணைச்சா போதும்னு நெனக்காதீங்க, சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுது, நியூட்ரல் வழியா எர்த்துக்கு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் ஆர்சிசிபி விழும், பிளக்கை உருவினாதான் உண்மை தெரியும்.

எல்லாத்தையும் உருவியும் விழுதா, எல்லா எம்சிபியையும் இறக்கிட்டு ஒவ்வொண்ணா ஏத்துங்க, எந்த லைன்னு தெரிஞ்சுடும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில மட்டும் விழுதுன்னா கான்கிரீட்டுக்குள்ள போற பைப்புல தண்ணி இறங்கியிருக்கு, இல்ல வாசல் லைட், மொட்டைமாடி பாயிண்ட், காலிங் பெல் இந்த மூணுல ஒண்ணு நனையுது. புது இன்வெர்ட்டர் வச்சதுல இருந்து விழுதுன்னா மழையை திட்டாதீங்க, இன்வெர்ட்டர் லைன் நியூட்ரலையும் நேரடி லைன் நியூட்ரலையும் ஏதோ ஒரு பெட்டியில சேத்து முறுக்கியிருப்பாங்க. ஆர்சிசிபிக்கு போன கரண்ட் எவ்வளவோ அவ்வளவும் அது வழியாவே திரும்பி வரணும், கொஞ்சம் வேற நியூட்ரல் வழியா வந்துட்டா கசிவுன்னு நெனச்சு விழும். ரெண்டு நியூட்ரலையும் பெட்டிக்கு பெட்டி பிரிக்கிறதுதான் வழி, பொறுமை வேணும். ஆர்சிசிபியை கழட்டி நேரடியா குடுத்துடலாம்னு வர்றவர் சொன்னா டீ குடுத்து அனுப்பிடுங்க.

சுவிட்சை அணைச்சும் எல்இடி பல்பு மங்கலா எரியுது

சுவிட்ச்ல குட்டி இண்டிகேட்டர் லைட் இருந்தா அது வழியா கசியுற கரண்ட்தான், ஆபத்தில்ல, பல்பு பிராண்டை மாத்தினாலே சில நேரம் நின்னுடும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சும் இப்படின்னா சுவிட்சை அணைச்சுட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வைங்க, பிரகாசமா எரிஞ்சா சுவிட்ச் நியூட்ரல்ல உக்காந்திருக்கு, பேஸ் நேரா பல்புக்கு போகுது. பல்பு மாத்தும்போது அடிக்கும். சுவிட்ச் பெட்டியில பேஸ்-நியூட்ரல் மாத்தி வந்திருக்கறதுதான் காரணம், பல சமயம் அந்த ரூம் சாக்கெட் எல்லாமே மாறித்தான் இருக்கும், லேம்ப்பை இடது ஓட்டைக்கும் எர்த்துக்கும் வச்சு பாருங்க, எரிஞ்சா மாறியிருக்கு. அந்த ரூமுக்கு நுழையுற இடத்துல ஒரே ஒரு தடவை மாத்தினா எல்லாம் சரியாகும், ஒவ்வொரு சாக்கெட்டா கழட்டி மாத்தாதீங்க, பாதியில விட்டுட்டீங்கன்னா அடுத்து வர்றவன் கதி அதோகதி.

பெட்டியை திறந்தா கலர் எதுவுமே ஒத்து வரல

எல்லாம் சிவப்பு, இல்ல எல்லாம் கருப்பு, இல்ல பச்சையில பேஸ் வருது (ஆமா, இருக்கு, மோட்டர் லைனுக்கு வயர் பத்தாம பச்சையை இழுத்துவிட்ட வீடுகள் நிறைய). முதல்ல கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ரெண்டு கோணத்துல போட்டோ எடுங்க. அப்புறம் மெயின், இன்வெர்ட்டர் ரெண்டும் அணைச்சு, வயர் முனைகளை ஒண்ணோட ஒண்ணு தொடாம விரிச்சு வச்சு, மெயினை போட்டு கை படாம டெஸ்டரால பாருங்க. எரியுறது பேஸ். ரெண்டு மூணு எரிஞ்சா அதுங்களுக்கு நடுவுல மீட்டர் வைங்க, ஜீரோ காட்டினா ஒரே பேஸோட லூப், 400 பக்கம் காட்டினா ரெண்டு வேற பேஸ் ஒரே பெட்டியில இருக்கு. இன்வெர்ட்டரை மட்டும் போட்டு இன்னொரு தடவை பாருங்க, அப்ப எரியுறது இன்வெர்ட்டர் பேஸ்.

மிச்சம் இருக்குறதுல நியூட்ரலையும் எர்த்தையும் பிரிக்கிறதுதான் கஷ்டம், ஏன்னா பேஸோட சேத்து லேம்ப் வச்சா ரெண்டுலயும் எரியும். ஆர்சிசிபி இருந்தா அதுவே சொல்லிடும், நியூட்ரல்ல எரியும், எர்த்ல வச்சா விழும். ஆர்சிசிபி இல்லாத வீட்டுல டபுள் போல் மெயினை அணைங்க, அது பேஸ் நியூட்ரல் ரெண்டையும் வெட்டும், எர்த்தை வெட்டாது. இன்வெர்ட்டரையும் அணைச்சு எல்லா பிளக்கையும் உருவிட்டு, எர்த் குழாய்ல இருந்து ஒரு நீள வயரை இழுத்துட்டு வந்து மீட்டரை பீப் சத்தத்துல வச்சு, ஒரு முனையை அந்த நீள வயர்லயும் இன்னொரு முனையை பெட்டியில இருக்குற ஒவ்வொரு வயர்லயும் தொடுங்க, சத்தம் போடுறது எர்த், சும்மா இருக்குறது நியூட்ரல். ரெண்டுமே சத்தம் போட்டா எங்கயோ ஒரு பாயிண்ட்ல நியூட்ரலையும் எர்த்தையும் சேக்குற, மேல சொன்ன அந்த துண்டு வயர் இருக்கு, அதை தேடி எடுத்த பிறகுதான் அடுத்த வேலை.

கண்டுபிடிச்சதை உங்க ஞாபகத்துல வச்சுக்காதீங்க, கடையில கலர் டேப் கிடைக்கும், பேஸ் முனையில சிவப்பு, நியூட்ரல்ல கருப்பு, எர்த்ல பச்சை, இன்வெர்ட்டர் லைன்ல மஞ்சள்னு ரெண்டு சுத்து சுத்திட்டு, மூணு லேம்ப் சோதனையையும் திரும்ப ஒரு தடவை பண்ணிட்டு பிளேட்டை மூடுங்க.